சங்கரியின் பெயரில் ஒரு கோப்பு

அத்தியாயம் 6

லோகாம்பாள் படியேறியபோது மணி மூன்றேகால். ஐந்து மணிக்குள் சங்கரி கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கொச்சியில் யூதத் தெருவான ஜூ டவுனில் அது ஒரு பழைய சுக்குக் கிடங்கு. கீழே இப்போதும் சுக்குதான். மேல்மாடியில் ‘பண்டிகசாலா’ என்ற கம்ப்யூட்டர் நிறுவனம், பதினான்கு பேர். ஆஸ்பத்திரிகளும் அலுவலகங்களும் தங்கள் கோப்புகளைப் போட்டு வைக்கும் சர்வர்களுக்கு உள்ளே ஓடுகிற நிரலை எழுதுகிறவர்கள். மரப்படிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகின.

"சேச்சி, இந்தப் படி என் வெயிட்டைச் சொல்லி அழுகுது," என்றான் அவளுக்குத் துணையாகப் பின்னால் வந்த அப்பு. "இறங்குறப்ப என்னைச் சுக்கு மூட்டையோட சேர்த்துக் கயித்துல இறக்கிடச் சொல்லுங்க."

அவள் பதில் சொல்லவில்லை. அப்புவுக்கு அது பழகிவிட்டது. நாற்பது வயது. வைப்பின் தீவுப் படகுத்துறையில் பதினைந்து வருஷம் டிக்கெட் கிழித்தவன். வாயே திறக்காத பயணிகளிடமும் மறுகரை வரும்வரை பேசிக்கொண்டிருந்தவன். லோகாம்பாள் இருபத்திரண்டு வருஷம் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பத்திரங்களைப் படித்தவள். யார் பெயரில் இருந்தது, யார் பெயருக்குப் போனது, நடுவில் யார் பொய் சொன்னார்கள் என்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ராஜினாமா செய்த பிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள், அரசாங்க முத்திரை இல்லாமல்.

காலையில் ஒச்சம்மாள் அவள் வாசலில் வந்து நின்றிருந்தாள். மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. "எம்மக திருடலம்மா," என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவளிடமிருந்து வரவில்லை.

அந்த மகள்தான் சங்கரி.

*

விஸ்வநாத் பாலக்காட்டுக் குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிறுவனத்தில் பெரும்பங்கு அவனுடையது. கண்ணாடி அறைக்குள் எழுந்து நின்று வரவேற்றான்.

"வாங்கோ மாமி. எனக்கு மட்டும் இது சந்தோஷமா? ஒச்சம்மா கிட்டதான் எங்க வீட்டுக்கும் காய் வாங்கறோம்."

"என்ன நடந்ததுன்னு சொல்லு."

"எங்க கோட் மொத்தமும் ஒரு போட்டிக் கம்பெனி கைல இருக்கு. எங்க தப்பையெல்லாம்கூட அப்படியே வெச்சு விக்கறா. தேடிப் பாத்தேன். பன்னெண்டாம் தேதி புதன்கிழமை, பகல் பதினொண்ணு அம்பத்தஞ்சுக்கு ஒரே ஃபைலாக் கட்டி வெளியே அனுப்பியிருக்கா."

"யாருன்னு எப்படித் தெரிஞ்சது?"

"வெளியே போற ஃபைலெல்லாம் பொதுவா ஒரு ஃபோல்டர்ல போடணும். யார் வேணும்னாலும் போடலாம். சர்வரே எடுத்து அனுப்பிடும். போட்டது யாருன்னு கேக்காது. ஃபைல் யார் பேர்ல இருக்குன்னு மட்டும் குறிச்சு வெச்சுக்கும். குறிச்சிருக்கற பேர் சங்கரி."

"அந்தப் பேரை வேற யாராவது மாத்தி வெச்சிருந்தா?"

விஸ்வநாத் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முன்னாடி முடியும் மாமி. எங்க ஆபீஸ் வழக்கமே அதாக்கும். லீவு போறவா தன் ஃபைலையெல்லாம் பக்கத்து சீட்காரா பேருக்கு மாத்திட்டுப் போவா. ஏல்ப்பிக்கறதுன்னு சொல்லுவோம். ‘என் ஃபைலை உனக்கு ஏல்ப்பிச்சிருக்கேன், பாத்துக்கோ.’ அவ்வளவுதான். யார் அனுமதியும் வேண்டாம். நம்ம சர்வர் அதை விட்டுண்டிருந்தது. ஆனா ஒரு ஆஸ்பத்திரி அதை ஒத்துக்கலை. எல்லா சிஸ்டமும் ஒரே மாதிரி நடக்கணும்னு பொதுவா ஒரு ஸ்டாண்டர்டு இருக்கே, அதுப்படி ஃபைலோட உடமஸ்தனை மாத்தற அதிகாரம் அட்மினுக்கு மட்டும்தான். உங்களது ஏன் அப்படி நடக்கலைன்னு கேட்டா. பத்தாம் தேதிக்குள்ள சரி பண்ணித் தரேன்னு எழுதிக் குடுத்தேன்."

"சரி பண்ணினது யாரு?"

"சங்கரிதான்." அவன் ஒரு தாளைத் தள்ளினான். "பத்தாம் தேதி, திங்கட்கிழமை, நம்ம ஆபீஸ் சர்வர்லயே ஏத்தியாச்சுன்னு அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கா. அப்போ பன்னெண்டாம் தேதி ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் பேருக்கு மாத்த அட்மினால மட்டும்தான் முடியும். அட்மின் நான் ஒருத்தன். நான் பண்ணலை. மிச்சம் யாரு?"

"பூட்டைச் செஞ்சவளே உள்ள மாட்டிக்கிட்டாங்கிறீங்க," என்றான் அப்பு.

"அப்படித்தான்."

"நீங்க பண்ணலைன்னு யாரு சொல்றாங்க சார்?"

"நான் சொல்றேன்."

"அது சரி. எங்க படகுலயும் டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டா எல்லாரும் எடுத்தாச்சுன்னுதான் சொல்வாங்க."

விஸ்வநாத்தின் காது சிவந்தது. லோகாம்பாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றிப் படித்தாலும் அதில் ஓட்டை இல்லை. இவன் பொய் சொல்கிறான், அல்லது அந்தப் பெண் திருடியிருக்கிறாள். மூன்றாவது வழி ஒன்று இருந்தால் அது இந்தத் தாளுக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.

"அஞ்சு மணி வரைக்கும்," என்றான் விஸ்வநாத். "ஒத்துண்டு எழுதிக் குடுத்தா போலீஸுக்குப் போகலை. அதுக்கே பார்ட்னர்கள்கிட்ட நான் கெஞ்சியிருக்கேன்."

*

சங்கரியைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டார்கள். மேசைமேல் அச்சடித்த கடிதம், அதன்மேல் ஒரு பேனா. இருபத்தொன்பது வயது. ஒச்சம்மாளின் அகலமான நெற்றி. பக்கத்தில் இன்னொரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அதிதி. இவளோட ஃப்ரெண்ட். காலேஜ்லேருந்து ஒண்ணா இருக்கோம்," என்றாள் அவள். "இவ எழுதறதை டெஸ்ட் பண்றது நான்தான். மேடம், நீங்களாவது சொல்லுங்கோ. சைன் பண்ணிட்டு வெளிய வந்துடட்டும். விஸ்வநாத் சார் கிட்ட நான் பேசியிருக்கேன், போலீஸ் வராது. வேற வேலை கிடைக்காதா என்ன?"

"திருட்டுப் பட்டத்தோடயா?" என்றான் அப்பு.

"ஜெயிலுக்குப் போறதுக்கு அது மேல் இல்லையா?"

சங்கரி யாரையும் பார்க்கவில்லை. லோகாம்பாள் எதிரில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வழிகாட்டி ஏதோ மொழியில் சுற்றுலாப் பயணிகளுக்கு யூதக் கோயிலைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் ஏறி இறங்கியது. அது தெரு முனையில் திரும்பித் தேய்ந்துபோகும் வரை அவள் காத்திருந்தாள்.

"நீ திருடினியா?"

"இல்லைங்கம்மா."

"அந்த ஃபைலை நீ பாத்திருக்கியா?"

"லெட்டர்லதான் பாத்தேன். சிஸ்டத்தைத் தொட விடலை."

"ஸ்டாண்டர்டு ஸ்டாண்டர்டுங்கறானே விஸ்வநாத். எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

முதல்முறையாகச் சங்கரியின் முகத்தில் உயிர் வந்தது. "எங்கம்மா கடையில ஒரு கிலோன்னா ஒரு கிலோதான். தோப்பும்படியில போய் வாங்கினாலும் ஒரு கிலோதான். வாங்குறவங்க ஒவ்வொரு கடையிலயும் தராசைச் சோதிச்சிட்டு இருக்க முடியாதுல்ல? அது மாதிரி. ஒரு ஃபைல் என் பேர்ல இருந்தா நான்தான் அதுக்குப் பொறுப்புன்னு எந்த சிஸ்டத்துலயும் நம்பலாம். எங்களதுல மட்டும் அப்படி இல்லை. எவ்வளவு பெரிய ஓட்டைன்னு நான் ஒரு வருஷமா சொல்லிட்டு இருந்தேன்."

"அதை அடைச்சது பத்தாம் தேதி."

உயிர் போய்விட்டது. சங்கரியின் பார்வை தன் கையைப் பிடித்திருந்த கையின்மீது ஒரு கணம் விழுந்து மீண்டது.

"ஆமாங்கம்மா," என்றாள்.

அந்த ‘ஆமா’ வருவதற்கு மூன்று மூச்சு நேரம் ஆனது. லோகாம்பாள் எண்ணினாள். பத்திரம் எழுதிக் கொடுக்க வருகிறவர்களிடம் ‘சம்மதம்தானா’ என்று கேட்டால் சிலர் இப்படித்தான் சொல்வார்கள். யாரோ ஒருவருக்கு முன்னமே கொடுத்துவிட்ட வாக்கை அவளிடம் ஒப்பிப்பதுபோல.

"நான் எல்லாருக்கும் சாயா வாங்கிண்டு வரேன்," என்று அதிதி எழுந்தாள். போகும்போது சங்கரியின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். "நீ காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. பழம்பொரி வாங்கிண்டு வரேன்."

"நல்ல பொண்ணு," என்றான் அப்பு.

"அவ இல்லைன்னா நான் இந்த வேலைலயே சேர்ந்திருக்க மாட்டேன்," என்றாள் சங்கரி.

*

அறையின் மறுபக்கம் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். விளக்கப் புத்தகம் எழுதுகிற பொன்மணி. சற்று நேரமாக அவள் விசைப்பலகையை வேண்டுமென்றே பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை அடிக்கறதுக்குப் பதிலா யார் மேல கோபமோ அவங்களை அடிச்சா சத்தம் கம்மியா வரும்," என்றான் அப்பு.

"அந்த ஆளு இங்க இருந்தால்ல அடிக்க?" என்றாள் பொன்மணி. "பாண்டியராஜன் அண்ணன். நாப்பது ஃபைலை என் தலையில ஏல்ப்பிச்சிட்டு ஊருக்குப் போயிட்டாரு. போடியில அவரு பொண்ணுக்குக் காதுகுத்து. அவரு போன நாள்லேருந்து அந்த நாப்பதுக்கும் போன் எனக்குத்தான் வருது. சரி, நீங்களே வச்சுக்கங்கன்னு திருப்பி அவரு பேருக்கு மாத்தப் பாக்கேன், அனுமதி இல்லைங்குது. கொடுக்கும்போது கொடுக்கலாமாம், திருப்ப முடியாதாம். என்ன நியாயம் இது?"

"கல்யாணம் மாதிரிதான்," என்றான் அப்பு.

பொன்மணி சிரித்துவிட்டாள். லோகாம்பாள் சிரிக்கவில்லை. நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டாள்.

"என்னிக்கு ஏல்ப்பிச்சான்?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளி?"

"பதினாலாந்தேதி. கீழ கடைக்காரங்க எல்லாம் சிவப்புப் பலூன் கட்டியிருந்தாங்கள்ல, காதலர் தினம்னு? அண்ணிக்கு ரோஜாப்பூ வாங்கலைன்னு போன்ல சண்டை. சண்டை போட்டுகிட்டே ஒரு கையால ஃபைலைத் தள்ளிவிட்டாரு."

"விஸ்வநாத் மாத்திக் குடுத்தானோ?"

"சாரா? சார் அன்னைக்கு ஆபீஸ்லயே இல்ல. அண்ணனேதான் பண்ணாரு. நான் பக்கத்துல நின்னு வேண்டாம் வேண்டாம்னேன்."

"சட்டம் மாறிடுத்துன்னு அவனுக்குத் தெரியாதா?"

"மெயில் வந்துச்சு. அவரு என்னைக்கு மெயில் படிச்சாரு? எப்பவும் பண்ற மாதிரி பண்ணாரு, போச்சு."

கீழே யாரோ மூட்டையை இறக்கிய அதிர்வு பலகைத் தரை வழியாக வந்தது. லோகாம்பாள் சங்கரியைப் பார்த்தாள். சங்கரி கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"நாலு மணி ஆச்சு சேச்சி," என்றான் அப்பு. இந்தமுறை அவன் குரலிலும் வேடிக்கை இல்லை.

*

பின்பக்கத்து மரத்தாழ்வாரத்தில் நின்றால் காயல் தெரியும். ஒரு படகு டீசல் புகையோடு வைப்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. லோகாம்பாளும் சங்கரியும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். லோகாம்பாள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் வரும். அதை இன்னொரு முறை கேட்க அவளுக்கு மனமில்லை. படகு சிறிதாகி, ஒரு புள்ளியாகி, கண்ணுக்குத் தெரியாமல் போனது.

"பதினேழாம் தேதிதான் ஏத்தினேன்," என்றாள் சங்கரி.

"ம்."

"பத்தாம் தேதி ரெடியாத்தான் இருந்துச்சு. ஏத்த உக்காந்தேன். அதிதி வந்து ஒரு வாரம் பொறுத்துக்கோன்னா. அவங்கம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன், லீவு போடணும், போறதுக்கு முன்னாடி ஃபைலையெல்லாம் ஏல்ப்பிக்கணும். நீ பூட்டிட்டா ஒவ்வொண்ணுக்கும் விஸ்வநாத் சார் கிட்ட போய் நிக்கணும், எனக்காக ஒரு வாரம்னா."

"தேதி?"

"சார் ஆஸ்பத்திரிக்கு வாக்குக் கொடுத்த தேதி. அது தப்பினா அவருக்குப் பிரச்சினை. ‘நீ பத்துன்னே எழுதிடு, யார் பாக்கப் போறா’ன்னு அவதான் சொன்னா. நான் எழுதினேன்." அவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். "அம்மா, அது பொய்தான். அதுக்கு என்னை வேலையை விட்டு அனுப்பினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இதைச் சொன்னா அதிதியும் மாட்டுவா. எனக்காக இவ்வளவு பேசிட்டு இருக்கா."

"அவ அம்மாவுக்கு ஆப்பரேஷன் ஆச்சா?"

"தள்ளிப் போட்டுட்டாங்களாம்."

"லீவு எடுத்தாளா?"

சங்கரி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"எடுக்கலை," என்றாள் லோகாம்பாள். "அந்த ஒரு வாரத்துல அவ ஒரே ஒரு ஃபைலைத்தான் ஏல்ப்பிச்சா. உன் பேருக்கு."

சங்கரி சட்டென்று திரும்பினாள். "இல்ல. யார் வேணும்னாலும் பண்ணியிருக்கலாம். பூட்டு இல்லையே? பாண்டியராஜன் அண்ணன் பண்ணலையா?"

"அவன் பூட்டு போட்டாச்சுன்னு மெயில் வந்ததே தெரியாம பண்ணினான். திருடினவளுக்கு அது போறாது. யோசிச்சுப் பாரு. இந்தப் பழி உன் மேல எப்படி ஒட்டித்து? பூட்டு போட்டாச்சுன்னு தாள் சொல்றதுனால. தாள்ல பூட்டு இருக்கணும், சர்வர்ல இருக்கக்கூடாது. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் உன்னை மாட்ட முடியும். தாள்ல பத்துன்னு எழுதினதும், பதினேழு வரைக்கும் பூட்டலைங்கறதும் எத்தனை பேருக்குத் தெரியும்?"

சங்கரி ஒரு விரலை மடக்கினாள்.

"எனக்கு," என்றாள் கடைசியில்.

பிறகு வெகுநேரம் அவள் இரண்டாவது பெயரைச் சொல்லவில்லை. லோகாம்பாள் அவசரப்படுத்தவும் இல்லை. சொல்லிவிட்டால் பத்து வருஷம் போய்விடும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அது போய்த்தான் ஆகவேண்டும் என்று லோகாம்பாளுக்குத் தெரிந்திருந்தது. தாழ்வாரத்தின் ஓட்டிலிருந்து ஒரு காகம் எழுந்து பறந்தது. அப்பு கதவருகில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நம்ப மாட்டேன்," என்றாள் சங்கரி. "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

"அப்போ வா. பாக்கலாம்."

*

நான்கு நாற்பது. விஸ்வநாத் மூன்று பேரையும் கண்டு எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தான்.

"அந்த ஃபைலோட பிரதி இருக்கோ?" என்று கேட்டாள் லோகாம்பாள்.

"தினமும் எடுக்கற பேக்கப்புல இருக்கு."

"அதோட விவரம் ஒரு வரி இருக்குமே. அதை முழுசா வாசி. ஒரு எழுத்தையும் விடாம."

"எத்தனை தடவை மாமி? உடமை, சங்கரி. அதான் பாத்தாச்சே."

"அதுக்கப்புறம் என்ன எழுதியிருக்கு?"

விஸ்வநாத் திரைப்பக்கம் குனிந்தான். "எழுதினது பன்னெண்டாம் தேதி பதினொண்ணு நாப்பது. விவரம் மாறினது பதினொண்ணு அம்பத்திரண்டு." அவன் புருவம் சுருங்கியது. "எழுதி முடிச்சு பன்னெண்டு நிமிஷம் கழிச்சு லேபிள்ல ஏதோ மாறியிருக்கு."

"நடுவுல ஒண்ணை விட்டுட்டியே. உடமைக்குப் பக்கத்துல."

"அது குரூப். எந்த டீம்ங்கறது. அதை யாரும் பாக்கறதில்லை, மாமி."

"நான் பத்திரம் படிச்ச காலத்துல ஆள் பேரை மட்டும் அழகா மாத்திண்டு வருவா. பக்கத்துல இருக்கற ஊர்ப் பேரை மாத்த மறந்துடுவா. வாசி."

விஸ்வநாத் வாசிக்க வாயெடுத்தான். வாசிக்கவில்லை. திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தான். சங்கரி மேசையைச் சுற்றிவந்து அவனுடைய தோளுக்குப் பின்னால் நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"டெஸ்ட்," என்று அவள்தான் வாசித்தாள்.

"நீ எந்த டீம்?" என்றாள் லோகாம்பாள்.

"கோர். நான் எந்த ஃபைலை உண்டாக்கினாலும் கோர்னுதான் விழும்."

"ஏல்ப்பிச்சா?"

"பேர் மட்டும் மாறும். டீம் கொடுத்தவங்களோடதாவே நிக்கும்." அவள் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல உணர்ச்சியற்று இருந்தது. "அதையும் சேர்த்துத்தான் சரி பண்ணணும்னு நான் குறிப்பு எழுதியிருந்தேன். டெஸ்ட் பண்ணப்ப அதிதி அது அவசியமில்லைன்னா."

"டெஸ்ட் டீம்ல எத்தனை பேர் சார்?" என்று அப்பு கேட்டான்.

விஸ்வநாத் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அதிதி ஒரு கையில் சாயாத் தூக்கும் இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலமுமாகப் பின்னறையிலிருந்து வெளியே வந்து அவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தி," என்றான்.

அவள் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். "இங்க இருக்கேளா எல்லாரும்? நான் அங்க…" நான்கு முகங்களையும் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பழக்கப்பட்ட கண், எந்த வரி என்று தெரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. தூக்கை மெதுவாக மேசையின் ஓரத்தில் வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

"பத்தாம் தேதிக்கப்புறம் யாராலயும் முடியாது சார்," என்றாள். "நீங்களே சொன்னேள்."

"பத்தாம் தேதி ஏத்தலை," என்றாள் சங்கரி.

"நீ ஏத்தினேன்னு எழுதியிருக்கே."

"பொய்யா எழுதினேன். நீ எழுதச் சொன்னே."

"அப்படின்னு எங்கேயாவது இருக்கா?" அதிதி அவளைப் பார்க்காமல் விஸ்வநாத்திடம் கேட்டாள். "அவ தப்பிக்கறதுக்கு என் பேரைச் சொல்றா. நான் காலைலேருந்து அவளுக்காக…"

"பாண்டியராஜன் பதினாலாம் தேதி நாப்பது ஃபைல் ஏல்ப்பிச்சிருக்கான்," என்றாள் லோகாம்பாள். "பூட்டு இல்லைங்கறதுக்கு நாப்பது சாட்சி. உன் டீம் பேரோட ஒரு ஃபைல் சங்கரி தலைல. உங்கம்மா கண் எப்படி இருக்கு? போன் பண்ணிக் கேக்கலாமா?"

அதிதி வாயைத் திறந்தாள். அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பழம்பொரிப் பொட்டலம் இன்னும் கையில் இருந்தது.

"அந்தக் கம்பெனிக்காரா பெங்களூர்ல வேலை தரேன்னா," என்றாள். "கோட் கொண்டுவந்தா. இங்க அஞ்சு வருஷமா இவ எழுதறதை டெஸ்ட் பண்ணிண்டிருக்கேன் நான். எல்லாரும் சங்கரி சங்கரின்னுதான் சொல்றா. கஸ்டமர் வந்தா அவளைத்தான் கூப்பிடறேள். நான் எங்க இருக்கேன்?"

மேசைமேல் இருந்த தூக்கின் மூடி ஆவியில் மெல்ல நடுங்கியது.

விஸ்வநாத் தொண்டையைச் செருமினான். "சங்கரி, அந்தக் கடிதத்தைக் கிழிச்சுடு. ஆனா தேதியைப் பொய்யா எழுதினது… ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்லணும். உன்னை வெச்சுண்டு என்னால அதைச் சொல்ல முடியுமான்னு தெரியலை."

"தெரியும் சார்."

"சார், காலைல இவங்களைத் திருடின்னீங்க," என்றான் அப்பு. "அதுக்கு நீங்க யாருக்குப் பதில் சொல்லப் போறீங்க?"

விஸ்வநாத் தலைகுனிந்தான்.

சங்கரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதிதியின் எதிரில் வந்து நின்றாள். அவள் அழுவாள் என்று அப்பு எதிர்பார்த்தான். லோகாம்பாள் எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் முதலில் அழுவதில்லை. ஒரே ஒரு விவரம் அவர்களுக்குப் புரிந்தாக வேண்டும். எத்தனையோ சகோதரர்கள், எத்தனையோ பாகப்பிரிவினைகள். பதிவு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அவர்கள் எல்லாரும் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"பதினாலு பேர் இருக்கோம்," என்றாள் சங்கரி. "எதுக்குடீ என் பேரு?"

அதிதி நிமிரவில்லை. பதில் மிகத் தாமதமாக வந்தது. ஆனால் அன்று மாலை அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று லோகாம்பாளுக்குப் பட்டது.

"வேற யார் பேரைப் போட்டாலும் சண்டை போட்டிருப்பா. நீ போட மாட்டேன்னு நினைச்சேன்."

சங்கரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்தது. சுக்கின் வாசனை பலகை இடுக்குகள் வழியாக ஏறிவந்து அறை முழுவதும் நின்றது.

"உன்கூட மட்டும்தான் நான் சண்டை போட்டதில்லை," என்றாள்.

பிறகு விஸ்வநாத்தின் பக்கம் திரும்பி, எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கங்க சார். பத்தாம் தேதி காலையில பத்தரை மணிக்கு அதிதி என் சீட்டுக்கு வந்தா."